மூலையில் இருக்கும் நிறக்குறிப்பு: ஜப்பான் கிராம வரைபடங்களின் கதை

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். வரைபடம் வரைந்து வண்ணம் தீட்டிக் கொண்டுவந்தால் நான் முதலில் பார்ப்பது அதன் மூலையைத்தான். "குறிப்பு எங்கே?" என்பேன். எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று எழுதாவிட்டால் பாதி மதிப்பெண்தான். "நீலம்னா தண்ணின்னு எல்லாருக்கும் தெரியாதா டீச்சர்?" என்று கேட்டவர்களும் உங்களில் உண்டு. எல்லாருக்கும் தெரியாது. இருநூறு ஆண்டு கழித்து வேறு யாரோ அந்தப் படத்தை விரித்துப் பார்க்கும்போது அந்த நீலம் நீலமாகவே இருக்கும் என்பதும் உறுதியில்லை. அன்று இந்தப் பதிலை நான் சொல்லவில்லை. எனக்கே அப்போது தெரியாது. ஜப்பானின் பழைய கிராம வரைபடங்களைப் பற்றிப் படித்த பிறகுதான் இதை யோசிக்க ஆரம்பித்தேன்.

1603 முதல் 1867 வரை ஜப்பானைத் தொக்குகவா குடும்பத்து ஷோகுன்கள் ஆண்டார்கள். ஆட்சி நடந்த இடம் எடோ, அதாவது இன்றைய டோக்கியோ. அதனால் அதை எடோ காலம் என்பார்கள். அப்போது நாட்டில் சுமார் 63,000 கிராமங்கள் இருந்தன. வரி தனித்தனி உழவர் மேல் விதிக்கப்படவில்லை, கிராமத்தின் பேரில் விதிக்கப்பட்டது. கிராமத்தின் மதிப்பைக் 'கொகு' என்ற அரிசி அளவில் கணக்கிட்டார்கள். ஒரு கொகு சுமார் 180 லிட்டர். ஓர் ஆளுக்கு ஓராண்டுச் சாப்பாடு என்பது அந்தக் காலத்துப் பொதுக்கணக்கு. ஊர்த் தலைவரும் அவருக்குத் துணையாக இருந்தவர்களும் அந்த வரியைப் பங்கு போட்டு வசூலித்துக் கட்ட வேண்டும்.

மேலிடத்திலும் வரைபடங்கள் உண்டு. ஷோகுன் அரசு மாகாணம் மாகாணமாகப் பெரிய வரைபடங்களைப் பலமுறை வரையச் சொல்லி வாங்கியது. கடைசியாக வாங்கிய தொகுதி 1838இல் முடிந்தது. அதன் 83 படங்கள் இன்றும் ஜப்பான் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றில் ஒவ்வொரு கிராமமும் ஒரு சிறு நீள்வட்டம். அதற்குள் ஊர்ப் பெயரும் விளைச்சல் கணக்கும். எந்த வட்டாரத்து ஊர் என்பதை நீள்வட்டத்தின் நிறம் சொல்லும். அரசின் கண்ணுக்குக் கிராமம் அவ்வளவுதான்.

அந்த நீள்வட்டத்துக்குள் என்ன இருந்தது என்பதைக் கிராமத்தார் தாங்களே வரைந்தார்கள். அதற்கு 'முரா எஸு' என்று பெயர். 'முரா' என்றால் கிராமம், 'எஸு' என்றால் வரைபடம். ஆட்சி ஒரு பிரபுவிடமிருந்து இன்னொருவருக்கு மாறும்போது, அதிகாரிகள் பார்வையிட வரும்போது, பக்கத்து ஊரோடு வழக்கு வரும்போது இதைத் தயாரித்தார்கள். மேலிடத்துக்கு ஒன்று கொடுத்துவிட்டு ஊரில் ஒன்று வைத்துக்கொள்வார்கள். கையால் செய்த காகிதங்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிய விரிப்பாக்கி, வீடு, கோயில், வயல், வாய்க்கால், மலை எல்லாவற்றையும் வரைவார்கள். பெயர்கள் எல்லாம் ஒரே திசையில் இருக்காது. படத்தைத் தரையில் விரித்துச் சுற்றி உட்கார்ந்தும் நடந்தும் பார்ப்பார்கள். அவரவர் பக்கத்திலிருந்து படிக்க வசதியாக எழுத்துகள் நான்கு பக்கமும் திரும்பியிருக்கும்.

பல படங்களின் ஓரத்தில் சின்னச் சின்ன வண்ணச் சதுரங்கள் இருக்கும். பக்கத்தில் 'பாதை', 'நீர்', 'நெல்வயல்', 'புன்செய்', 'காடு' என்று எழுதியிருப்பார்கள். பெரும்பாலும் பாதை சிவப்பு, நீர் நீலம், மலை பச்சை. ஆனால் வயலுக்கும் புன்செய்க்கும் எல்லா ஊருக்கும் பொதுவான நிறம் கிடையாது. ஓர் ஊரில் மஞ்சள் நெல்வயலாக இருக்கும், இன்னோர் ஊரில் புன்செயாக இருக்கும். குறிப்பு இல்லாவிட்டால் படமே வீண்.

இதில் ஏன் இவ்வளவு கவனம்? அழகுக்காகவா? இல்லை. பிழைப்புக்காக.

மலைக்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து வெட்டி வரும் புல்லும் இளந்தழையும்தான் வயலுக்கு உரம். விறகும் மாட்டுத் தீனியும் அங்கிருந்துதான். பல ஊர்கள் ஒரே மலையைப் பொதுவில் அனுபவித்தன. எங்கே வெட்டலாம், எதுவரை போகலாம் என்பதில் சண்டை வரும். வாய்க்கால் தண்ணீருக்கும் அப்படியே. வெவ்வேறு பிரபுக்களின் கீழ் இருந்த ஊர்களுக்குள் வழக்கு வந்தால் எடோவில் இருந்த உயர் நீதிமன்றம் வரை போகும். இரண்டு தரப்பும் சேர்ந்து நிலத்தைப் பார்த்து வரைபடம் தயாரிப்பார்கள். தீர்ப்பானதும் அந்தப் படத்தின் மேல் எல்லையைக் கருப்பு மையால் கோடாக இழுத்து, கோட்டின் மேல் முத்திரை வைத்து, தீர்ப்பைப் படத்தின் பின்பக்கம் எழுதி, இரண்டு ஊருக்கும் ஆளுக்கொன்றாகக் கொடுப்பார்கள். அதன்பின் அந்தக் கருப்புக் கோடுதான் சட்டம். மறுபடி தகராறு வந்தால் பேரப்பிள்ளைகள் அந்தப் படத்தைத்தான் எடுத்து விரிப்பார்கள்.

எனவே அந்தப் படத்தில் எது கருப்பு, எது சிவப்பு என்பது சாதாரண விஷயம் இல்லை.

இனி வண்ணங்களுக்கு வருவோம். நாம் பார்த்தவுடன் 'சிவப்பு' என்கிறோம். எடோ காலத்தில் வண்ணம் தீட்டுகிறவர் கையில் குறைந்தது மூன்று சிவப்புத் தூள்கள் இருந்தன.

முதலாவது சாதிலிங்கம். பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது. விலை கூடியது. இதைச் செய்யவும் விற்கவும் ஷோகுன் அரசு உரிமம் பெற்ற ஒரு வணிகக் குழுவுக்கு மட்டும் அனுமதி கொடுத்திருந்தது.

இரண்டாவது ஈயச் செந்தூரம். ஈயத்தைச் சுட்டு எடுப்பது. ஆரஞ்சு கலந்த சிவப்பு.

மூன்றாவது இரும்புக் காவி. ஜப்பானியர் இதைப் 'பெங்காரா' என்கிறார்கள். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? நம் வங்காளத்திலிருந்து. அந்தப் பக்கத்திலிருந்து வந்த காவி என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு ஜப்பானிலேயே செய்தார்கள். மேற்கு ஜப்பானில் ஃபுகியா என்று ஒரு சுரங்க ஊர். செம்புச் சுரங்கத்தில் கிடைத்த இரும்புக் கந்தகக் கல்லிலிருந்து அன்னபேதி எடுத்து, அந்த அன்னபேதியைச் சுட்டுக் காவியாக்கினார்கள். இன்றும் அந்த ஊரில் வீடுகள் காவிச் சிவப்பாக நிற்கின்றன.

இதேபோல மஞ்சளுக்கும் பல பொருள்கள். ஒன்று அரிதாரம். கூத்துக்காரர் பூசிய அதே அரிதாரம்தான், ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த கல். அதைத் தவிர நாம் சமையலில் போடும் மஞ்சள், மரப்பட்டைச் சாயம், மரப்பிசின் எல்லாம் உண்டு. பச்சைக்குச் செம்புக் கல்லை அரைப்பார்கள். அது கட்டுப்படியாகாதவர்கள் நீலத்தையும் மஞ்சளையும் கலந்துகொள்வார்கள். வெள்ளைக்குச் சிப்பி ஓட்டுத் தூள். நீலம் பெரும்பாலும் செடியிலிருந்து வருவது. நம்முடைய அவுரி வேறு செடி, அவர்களுடையது வேறு செடி. ஆனால் இரண்டிலும் கிடைக்கும் நீலச் சாயம் ஒன்றேதான்.

இவற்றில் எது எந்தப் படத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி? சுரண்டிப் பார்க்கக் கூடாது. இருப்பது ஒரே படம், அதன் மேல் வண்ணமும் மெல்லிய பூச்சுதான். அதனால் தொடாமலே சோதிக்கும் முறைகளைக் கையாளுகிறார்கள். கருவிகள் சிறியவை. காப்பகத்துக்கே எடுத்துக்கொண்டு போகலாம்.

ஒரு முறை எக்ஸ்ரே ஒளிர்வு. வண்ணத்தின் மேல் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சினால் அதிலுள்ள அணுக்கள் பதிலுக்கு ஒரு எக்ஸ்ரேயை வெளியிடும். அதன் ஆற்றல் தனிமத்துக்குத் தனிமம் வேறுபடும், ஆளுக்கு ஆள் கைரேகை வேறுபடுவது போல. பாதரசம் வந்தால் சாதிலிங்கம், ஈயம் வந்தால் செந்தூரம், இரும்பு வந்தால் காவி. ஆர்சனிக் வந்தால் அரிதாரம், செம்பு வந்தால் செம்புப் பச்சை.

கேட்க எளிதாக இருக்கிறது அல்லவா? இங்கேதான் கவனம் வேண்டும். எக்ஸ்ரே காகிதத்தையும் ஊடுருவிப் பின்னால் ஒட்டியிருக்கும் தாளையும் பார்க்கும். காகிதத்திலேயே கொஞ்சம் இரும்பு இருக்கலாம். ஈய வெள்ளையோடு பூச்சாயத்தைக் கலந்து தீட்டிய இளஞ்சிவப்பும் ஈயம் என்றுதான் காட்டும். அதனால் வண்ணம் இல்லாத வெற்றிடத்தையும் அளந்து ஒப்பிட வேண்டும். இன்னொன்று, தாவரச் சாயங்களில் இருப்பது கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் போன்ற லேசான தனிமங்கள். அவை இந்தக் கருவியின் கண்ணில் படாது. அவுரி நீலம் அதற்கு வெறும் காகிதம்.

அதற்கு இன்னொரு முறை. வண்ணத்தின் மேல் ஒளியை விழச்செய்து, திரும்பி வரும் ஒளியில் எந்தப் பகுதி குறைந்திருக்கிறது என்று நிறமாலையாக அளப்பது. நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் பகுதியிலும் அளப்பார்கள். அவுரி நீலம் அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பிவிடும். அகச்சிவப்புப் படம் எடுத்தால் அது வெளிறி, ஏறக்குறைய மறைந்து போகும். ஆனால் இன்னொரு நீலம் இருக்கிறது. அது அகச்சிவப்பிலும் கருமையாகவே நிற்கும். அதன் பெயர் பிரஷ்யன் நீலம்.

இந்த நீலத்தால்தான் இந்தக் கதை எனக்குப் பிடித்துப்போனது. 1700க்குப் பிறகு சில ஆண்டுகளில், பெர்லின் நகரத்தில், சிவப்புச் சாயம் செய்யப் போன இடத்தில் தற்செயலாகக் கிடைத்த நீலம் இது. அதற்கு முன் உலகில் எங்குமே கிடையாது. ஜப்பானுக்குக் கப்பலில் வந்து, தொடக்கத்தில் அரிய பொருளாக இருந்து, 1830ஐ ஒட்டித்தான் தாராளமாகக் கிடைத்தது. பெர்லினிலிருந்து வந்ததால் ஜப்பானியர் 'பெரோ நீலம்' என்றார்கள். ஹொகுசாய் வரைந்த அந்தப் பெரிய அலைப் படத்தை எல்லாரும் எங்காவது பார்த்திருப்பீர்கள். அதில் உள்ளது இந்த நீலம்தான்.

இப்போது ஒரு கணக்கு. ஒரு கிராம வரைபடத்தில் 1690ஆம் ஆண்டுக்குச் சமமான தேதி எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் ஆற்றில் பிரஷ்யன் நீலம் இருக்கிறது. என்ன பொருள்?

வகுப்பில் கேட்டிருந்தால் "போலி டீச்சர்!" என்று முதல் பெஞ்சு கத்தியிருக்கும். அவசரப்படாதீர்கள். விரித்து மடித்து விரித்து மடித்துப் பழைய படம் கிழிந்துபோனால் கிராமத்தார் அதைப் பார்த்து அப்படியே இன்னொன்று எழுதிக்கொள்வார்கள், பழைய தேதியோடு. அது நகல், மோசடி இல்லை. அல்லது படம் பழையதாகவே இருந்து, வெளிறிய ஆற்றுக்கு மட்டும் பின்னால் யாராவது வண்ணம் பூசியிருக்கலாம். நுண்ணோக்கியில் பார்த்தால் புது வண்ணம் பழைய வண்ணத்தின் மேல் படிந்திருக்கிறதா, மடிப்பு விரிசலுக்குள்ளும் பூச்சி அரித்த ஓட்டைக்குள்ளும் வழிந்திருக்கிறதா என்பது தெரியும். மடிப்பு விழுந்த பிறகு பூசியது என்றால் அது பின்னாள் வேலை. வண்ணம் சொல்வது ஒன்றைத்தான்: 'இந்தப் பூச்சு இந்தக் காலத்துக்கு முன்னால் இருக்க முடியாது.' மீதியைக் காகிதம், கையெழுத்து, ஊர்க் கணக்கு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

1868க்குப் பிறகு மெய்ஜி ஆட்சியிலும் இதே தர்க்கம் உதவும். 1873இல் நிலவரிச் சட்டம் மாறியது. கிராமத்தின் பேரில் அரிசியாகக் கட்டிய வரி போய், நிலத்தின் உரிமையாளர் நில மதிப்பில் 3 சதவீதத்தைப் பணமாகக் கட்ட வேண்டும் என்றானது. அதற்காக ஊர் ஊராகப் புதிய வரைபடங்கள் எழுதினார்கள். அதே காலத்தில் மேற்கிலிருந்து செயற்கைச் சாயங்கள் வந்தன. அவற்றில் முதலாவதான ஊதாவை லண்டனில் பெர்கின் என்ற இளைஞர் கண்டுபிடித்தது 1856இல். எடோ காலத் தேதி போட்ட படத்தில் அத்தகைய சாயம் இருந்தால் மறுபடியும் நிறுத்தி நிதானமாக யோசிக்க வேண்டும்.

இனி, தொடக்கத்தில் சொன்ன மூலைக் குறிப்புக்கு வருகிறேன்.

வண்ணங்கள் காலத்தோடு மாறும். ஈயச் செந்தூரம் ஈரக்காற்றில் கறுத்துப் போகும். அரிதாரம் வெளிச்சத்தில் வெளிறும். பூச்சாயமும் மஞ்சள் சாயமும் இன்னும் சீக்கிரம் வெளிறும். செம்புப் பச்சை காகிதத்தையே அரிக்கும். முன்பக்கம் பச்சை மலை இருந்த இடம் பின்பக்கம் பழுப்பாகத் தெரியும், நாளடைவில் அந்த இடம் உதிரும்.

எல்லை வழக்குப் படத்தை நினைத்துப் பாருங்கள். எல்லைக் கோடு கருப்பு. பாதை சிவப்பு, அது செந்தூரத்தால் தீட்டியது. இருநூறு ஆண்டில் பாதை கறுத்துவிட்டால்? பார்க்கிறவருக்கு இரண்டு கருங்கோடுகள். மஞ்சள் வயல் வெளிறி, சிப்பி வெள்ளை பூசிய புன்செயும் அதுவும் ஒன்றுபோல ஆகிவிட்டால்? நெல்வயல் எவ்வளவு, புன்செய் எவ்வளவு என்பது கண்ணுக்குத் தெரியாது.

"மூலைக் குறிப்பு இருக்கிறதே" என்பீர்கள். அந்தச் சதுரங்களும் அதே வண்ணத்தால், அதே நாளில் தீட்டியவை. அவையும் சேர்ந்தே மாறியிருக்கும். பாதைச் சதுரமும் கறுத்திருக்கும். வயல் சதுரமும் புன்செய்ச் சதுரமும் இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும். நான் முழு மதிப்பெண் கொடுக்கக்கூடிய அந்தக் குறிப்பும் கைவிட்டுவிடுகிறது.

இங்கேதான் கருவி துணைக்கு வருகிறது. மைக்கோட்டில் கார்பன்தான் உண்டு, கறுத்த பாதையில் ஈயம் இருக்கும். வெள்ளைச் சதுரங்களில் ஒன்றில் சிப்பியின் கால்சியம் தெரியும், இன்னொன்றில் வெளிறிய அரிதாரத்தின் ஆர்சனிக் மீதியிருக்கும். மஞ்சள் சாயமாக இருந்தால், கொஞ்சம் மிஞ்சியிருந்தாலும் புற ஊதா விளக்கில் ஒளிரக்கூடும். மூலைச் சதுரத்தை அளந்து, வயலை அளந்து, இரண்டையும் பொருத்திப் பார்த்தால் கிராமத்தார் அன்று எழுதிய குறிப்பு மறுபடி பேசும்.

செப்பனிடுகிறவர்களுக்கும் இது தேவை. கிழிந்த படத்துக்குப் பின்தாள் ஒட்ட மாவுப் பசையும் தண்ணீரும் வேண்டும். ஜப்பானில் ஒருவகைக் காட்டுப் பூவின் நீலம் உண்டு. தண்ணீர் பட்டால் கரைந்து ஓடிவிடும். சேலைத் துணிபோல அழகாகத் தீட்டும் பட்டுத்துணிகளில், பின்னால் அழிந்துபோக வேண்டிய முதல் கோட்டை அதனால்தான் போடுவார்கள். அந்த நீலத்தால் தீட்டிய வாய்க்காலைத் தெரியாமல் நனைத்தால் வாய்க்காலே போய்விடும். எந்த வண்ணம் என்று தெரிந்த பிறகுதான் தூரிகையை நனைக்க வேண்டும்.

கடைசியாக, என் பாடத்தில் ஒரு திருத்தம்.

"ஜப்பான் இருநூறு ஆண்டுக்கு மேல் கதவைச் சாத்திக்கொண்டது, 1853இல் அமெரிக்கக் கப்பல்களோடு பெர்ரி வந்து தட்டிய பிறகுதான் திறந்தது" என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அது முழு உண்மை இல்லை. நாகசாகி துறைமுகத்தில் டச்சுக் கப்பல்களும் சீனக் கப்பல்களும் அந்தக் காலம் முழுவதும் வந்துகொண்டிருந்தன. அக்காலத்துத் தூரிகைக்காரர்கள் பயன்படுத்திய மஞ்சள்களில் ஒன்று, கம்போடியா, சயாம் பக்கத்துக் காடுகளில் மரத்தைக் கீறி வடித்த பிசின். அரிதாரமும் அந்தப் பிசினும் மருந்துச் சரக்குகளும்கூட. வெளிநாட்டு மருந்துச் சரக்கு நாகசாகியில் இறங்கி, ஒசாகாவின் தோஷோமாச்சி மருந்து வணிகர் தெருவழியாக நாடெங்கும் போனது. ஏதோ ஒரு மலையடிவாரக் கிராமத்து வரைபடத்தில் அந்த மஞ்சள் கண்டறியப்பட்டால், கடல் தாண்டிய காட்டுப் பிசின் அந்த ஊர் வயலின் மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். அதைத் தீட்டியவருக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்குமோ என்னவோ! வண்ணத்துக்குத் தெரியும்.

எழுத்தில் உள்ளதுதான் வரலாறு என்று நான் நெடுங்காலம் நம்பினேன். எழுத்து, எழுதியவர் சொல்ல விரும்பியதைச் சொல்கிறது. வண்ணம் அவர் சொல்ல நினைக்காததையும் சேர்த்துச் சொல்கிறது: கையில் எவ்வளவு காசு இருந்தது, எந்தக் கடைச் சரக்கு கிடைத்தது, எந்த ஆண்டுக்குப் பிறகு தூரிகை தொட்டது. தங்கள் மலைக்கும் தண்ணீருக்கும் சாட்சியாக அவர்கள் அந்த வண்ணங்களை வைத்துவிட்டுப் போனார்கள். கறுத்துப் போன பாதையை எல்லை என்று நாம் படித்துவிட்டால், அன்று கிடைத்த தீர்ப்பையே மாற்றிப் படித்ததாகிவிடும்.

எனவே, மூலையில் குறிப்பு எழுதாதவனுக்குப் பாதி மதிப்பெண் என்ற என் விதியில் மாற்றமில்லை. நீலம் என்றால் தண்ணீர் என்று தெரியாதா என்று கேட்ட பையனிடம் மட்டும் இப்போது இன்னொன்று சொல்வேன்: "எழுதி வை தம்பி. எந்தப் பென்சிலால் தீட்டினாய் என்பதையும் சேர்த்து எழுதி வை."

படித்துவிட்டு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள்.